எழுதுபவர் எட்டுப் பேர், வாசிப்பவர் இருநூறு பேர்: குழு நிர்வாகிகளுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பகுதி மாடித்தோட்டக்காரர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். அதன் நிர்வாகிகளுள் ஒருவனாக இருந்துவரும் எனக்கு, குழு கலகலப்பாக நடக்கிறது என்ற எண்ணமே நெடுநாள் இருந்தது. ஓயாமல் செய்தி வந்துகொண்டிருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் வேலை ஏதும் இல்லாததால், ஒரு மாதச் செய்திகளை எடுத்து யார் எத்தனை எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டவை ஏழெட்டுப் பேர் எழுதியவையாக இருந்தன. அந்தப் பட்டியலில் இரண்டாவதாக என் பெயர் இருந்தது.

குடியிருப்போர் சங்கம், பழைய மாணவர் வட்டம், பள்ளிப் பெற்றோர் குழு என எதை நடத்துபவராயினும், இதே நிலையைக் கண்டு என்ன செய்வதென்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாரையும் சம அளவில் பேசவைக்கும் வழியை இதில் தேடவேண்டாம். அப்படியொரு வழி இருப்பதாக நான் நம்பவில்லை, இருந்தாலும் இருநூறு பேரும் பேசும் குழுவில் ஒருவரும் நிலைத்திருக்க முடியாது. ஒரு கேள்விக்கு உண்மையில் விடை தெரிந்தவர் அதே குழுவில் அமர்ந்திருந்தும் அவ்விடை வெளிவராமல் போகிறதே, சரிசெய்யவேண்டிய குறை அதுதான். கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றும் அந்த ஒரு குறையைக் குறிவைத்தே சொல்லப்படுகிறது.

முதலில் எண்ணுங்கள்

ஊகத்தில் இறங்கவேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. படங்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்க்காமல் ஏற்றுமதி செய்தால் எளிய உரைக்கோப்பு ஒன்று கிடைக்கும். அதில் ஒவ்வொரு செய்தியும் நாள், நேரம், அனுப்பியவர் பெயர் என்ற வரிசையில் தொடங்கும். அதை ஒரு விரிதாளில் ஒட்டி, பெயர்ப் பகுதியைத் தனி நிரலாகப் பிரித்து, எந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும். ஒரு செய்தி பல வரிகளுக்கு நீண்டிருந்தால் இரண்டாம் வரி முதல் நாளும் பெயரும் இரா, ஆகவே அவ்வரிகளை நீக்கிவிட்டு எண்ணவேண்டும். கோப்பில் உங்கள் தொடர்புப் பட்டியலில் இல்லாதவர்களின் தொலைபேசி எண்கள் அப்படியே பதிவாகியிருக்கும். எண்ணி முடித்ததும் அழித்துவிடுங்கள். கணக்கைக் குழுவில் போடவும் வேண்டாம். அதிகம் எழுதியவருக்கு அது குத்தலாகவும் எழுதாதவருக்கு அது கண்டனமாகவும்தான் படும்.

எழுதாதவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர் என்பதால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். நீங்கள் குழுவில் அனுப்பிய ஒரு செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால், யார் யார் வாசித்திருக்கிறார்கள், யாருக்குச் சென்று சேர்ந்தும் வாசிக்கப்படாமல் இருக்கிறது என்று இரண்டு பட்டியல்கள் தெரியும். நீலக்குறியை அணைத்து வைத்திருப்பவர்களும் குழுச் செய்திகளைப் பொறுத்தவரை இதற்கு விலக்கல்லர். இரண்டு மூன்று செய்திகளுக்கு, அனுப்பி இரண்டு நாள் கழித்து, இதைப் பார்த்துவிட்டால், தவறாமல் வாசித்துவிட்டு எழுதாமல் இருப்பவர் யார், குழுவை ஒலியடக்கிவைத்து மறந்தேபோனவர் யார் என்பது பிரிந்துவிடும். பின்னவரைப் பற்றிக் கவலைப்படுவது வீண். முன்னவர்தான் நமக்கு முக்கியம். எங்கள் குழுவில் அத்தகையோர் நான் நினைத்ததைவிட மிக அதிகமாக இருந்தார்கள்.

கணக்கைப் பார்த்து மனம் தளரவேண்டாம்

இது உங்கள் குழுவின் தனிநோயன்று. இணைய உரையாடலின் பழைய வடிவமான யூஸ்நெட்டில் 500 குழுக்களின் 20 லட்சம் செய்திகளை ஆராய்ந்து 1998-இல் வெளிவந்த ஆய்வொன்றில், அதிகம் எழுதிய 3 விழுக்காட்டினர் மொத்தச் செய்திகளில் கால்பங்கை எழுதியிருந்தது தெரிந்தது. ஒரே ஒரு செய்தியோடு நின்றுவிட்டவர்களின் செய்திகளைச் சேர்த்தாலும் ஏறத்தாழ அதே கால்பங்குதான் வந்தது. இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-இல் இதைத் தொண்ணூறு, ஒன்பது, ஒன்று என்ற கைக்கணக்காகச் சுருக்கினார்: நூறு பேரில் தொண்ணூறு பேர் வாசிப்பவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுபவர்கள், மிச்சமிருக்கும் ஒருவரே குழுவின் பெரும்பகுதியை எழுதுபவர். இது கைக்கணக்குதான், விதியன்று. 2000-ஆம் ஆண்டில் பிளேர் நானெக்கியும் ஜென்னி ப்ரீஸும் மின்னஞ்சல் குழுக்களை எண்ணிப் பார்த்தபோது, மென்பொருள் உதவிக் குழுக்களில் 82 விழுக்காட்டினர் வாய் திறக்காமலிருக்க, நோயாளிகளுக்கான உடல்நலக் குழுக்களில் அது 46 விழுக்காடாக இருந்தது. தன் துன்பத்தைச் சொல்ல வருபவர் பேசுகிறார், பழுதை நீக்கிக்கொள்ள வருபவர் விடை கிடைத்ததும் போய்விடுகிறார் என்பதே இந்த வேறுபாட்டுக்கு எனக்குத் தோன்றும் காரணம். ஆகவே உங்கள் குழு எதற்காகக் கூடியது என்பதை வைத்தே உங்கள் கணக்கை மதிப்பிடவேண்டும்.

அதே ஆய்வாளர்கள் 2004-இல், எழுதாதவர்களிடமே ஏன் எழுதவில்லை என்று கேட்டார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டோர், வாசிப்பதே போதுமாக இருக்கிறது என்றார்கள். குழுவைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது, எழுதாமலிருப்பதே குழுவுக்கு உதவி என்று நினைக்கிறேன், மென்பொருளைக் கையாளத் தெரியவில்லை, குழுவின் போக்கு பிடிக்கவில்லை என்பவை மற்ற முதன்மையான காரணங்கள். போதும் என்பவரை விட்டுவிடலாம்; அவர் தின்றுவிட்டு ஓடுபவர் அல்லர், கேட்டுக்கொண்டிருப்பவர், கேட்பதற்கு ஆளில்லாமல் எழுதுபவருக்குத்தான் என்ன பயன்? எஞ்சிய காரணங்கள் ஒவ்வொன்றிலும் நிர்வாகி செய்யக்கூடியது ஏதோ ஒன்று இருக்கிறது.

தனியே கேளுங்கள், அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள்

ஆடிப்பட்டத்தில் விதைத்த சுரைக்கொடிகள் பூத்திருந்த காலம். பூ நிறைய வருகிறது, ஆனால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது என்று ஒருவர் படத்தோடு கேட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பதில்கள் குவிந்தன. மீன் அமிலம் தெளியுங்கள் என்றார் ஒருவர், தேமோர்க் கரைசல் என்றார் இன்னொருவர், நுண்ணூட்டக் குறைபாடு என்று மூன்றாமவர் நீண்ட விளக்கம் எழுதினார், நான்காமவர் காலையில் எழுந்ததும் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யச் சொன்னார். எல்லாம் வழக்கமான பெயர்கள், நானும் ஒருவன்.

எழுபதை நெருங்கும் ஓர் அம்மா எங்கள் குழுவில் உண்டு. வாசித்தோர் பட்டியலில் அவர் பெயர் தவறாமல் இருக்கும், ஒரு வரிகூட எழுதியதில்லை. அவர் வீட்டு மாடியில் சுரை நன்றாகக் காய்க்கிறது என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். அவருக்குத் தனியாக எழுதினேன்: “அம்மா, வணக்கம். உங்க வீட்டுச் சுரைக்கொடி நல்லா காய்க்குதுன்னு சொன்னாங்க. பிஞ்சு உதிராம இருக்க நீங்க என்ன பண்றீங்க?” பத்து நிமிடத்தில் ஒலிப்பதிவு ஒன்று வந்தது. “தம்பி, சுரை சாயங்காலந்தான் பூக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆண் பூவைப் பறிச்சு, அடியில குட்டிப் பிஞ்சோட இருக்கிற பெண் பூவுல தொட்டுவிடணும். காலையில போய் நின்னா பூ வாடியிருக்கும். பரங்கிக்குத்தான் காலையில.”

பிரச்சினை அவ்வளவுதான். காலையில் செய்யச் சொன்னவர் பரங்கியின் பழக்கத்தைச் சுரைக்குச் சொல்லிவிட்டார், நாங்கள் எல்லாரும் அதற்கு விரல் உயர்த்தியிருந்தோம். குழுவிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை: “அங்க எல்லாரும் மருந்துப் பேரா சொல்றாங்க. நான் சொல்றது சின்ன விஷயமா இருந்துச்சு. எனக்கு டைப் பண்ணவும் வராது தம்பி.”

இப்பதிலில் இரண்டு தடைகள் இருக்கின்றன, இரண்டையும் நீக்கலாம். தட்டச்சு தெரியாதவர்களுக்காக, ஒலிப்பதிவாகவும் பதில் சொல்லலாம் என்று குழுவின் விவரக் குறிப்பில் எழுதிவையுங்கள். நீண்ட ஒலிப்பதிவுகளைக் கேட்கப் பலருக்குப் பொறுமை இராது என்பதால், ஒரு நிமிடத்துக்கு மேற்படாமல் என்றும் சேருங்கள். அதன் சாரத்தை இரண்டு வரியில் எழுதிப் போடும் பொறுப்பை நிர்வாகி ஏற்கவேண்டும். அந்த அம்மாவின் ஒலிப்பதிவை அவரிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் குழுவில் சேர்த்தேன். கேட்காமல் சேர்த்திருந்தால் அதுவே அவருடைய கடைசிப் பதிலாக ஆகியிருக்கக்கூடும். குழுவில் எழுதினால் தம் எண்ணைக் குறித்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் தனியாகச் செய்தி அனுப்புவார்களே என்ற அச்சம் பெண்களுக்கு இருப்பதுண்டு. அப்படி நடந்தால் நிர்வாகியிடம் சொல்லலாம், சொன்னவர் பெயர் வெளிவராது, அனுப்பியவர் அன்றே நீக்கப்படுவார் என்று எழுதிவைத்து, அதன்படி நடக்கவும் வேண்டும்.

தனியே கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. “நீங்கள் ஏன் குழுவில் எழுதுவதில்லை?” என்று தொடங்கினால் அது விசாரணை. அவரிடம் மட்டுமே இருக்கக்கூடிய ஒன்றைக் கேட்டால் அது மரியாதை. வாரத்துக்கு இருவர் என்று வைத்துக்கொண்டால் நிர்வாகிக்குப் பெரிய சுமையாகாது.

எல்லாரிடமும் கேட்கும் கேள்வி யாரிடமும் கேட்காத கேள்வி

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மேக்ஸ் ரிங்கல்மன் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்த கணக்கு 1913-இல் வெளியாயிற்று. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஆளுக்கு விழுந்த இழுப்பு, தனியாக இழுத்தபோது இருந்ததில் பாதிகூட இல்லை. தேர்வடம் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வடத்தில் கைவைத்திருப்பவர் எல்லாரும் இழுப்பவர் அல்லர். குழுவில் போடப்படும் பொதுக்கேள்விக்கும் இதுவே நேர்கிறது. “மாவுப்பூச்சிக்கு என்ன செய்யலாம் நண்பர்களே?” என்று கேட்டால் இருநூறு பேரும் இன்னொருவர் சொல்லட்டும் என்று இருப்பார்கள், வழக்கமான எட்டுப் பேர் சொல்வார்கள்.

அதே கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள். “சென்ற கோடையில் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்து, வேப்ப எண்ணெய் தெளித்தும் போகாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாளுக்கு ஒருமுறை தெளித்தீர்கள்?” என்று கேட்டால், தோற்றுப்போனவருக்கும் பேச இடம் கிடைக்கிறது, பதிலும் ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. நிபுணர்தான் பதில் சொல்லவேண்டும் என்ற தோரணை கேள்வியிலேயே இல்லாமற்போவதால் புதியவர்களும் துணிகிறார்கள். அவரவருக்கு ஏற்றதை அவரவரிடம் கேட்பதன் வலிமையை விக்கிப்பீடியாவில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள்: ஒருவர் முன்பு திருத்திய கட்டுரைகளைக் கொண்டு அவருக்கு விருப்பமானவற்றைப் பரிந்துரைத்த தானியங்கி ஒன்றைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வில், குருட்டாம்போக்கில் பரிந்துரைத்தவற்றைவிட அவருக்கென்று தேர்ந்தவற்றை மக்கள் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகத் திருத்தியிருந்தார்கள். எங்களுக்குத் தானியங்கி இல்லை. யார் வீட்டில் என்ன வளர்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். அது போதுமானதாக இருக்கிறது.

முதல் செய்தியைத் தனியாக விடாதீர்கள்

நெடுநாள் மௌனமாக இருந்த ஒருவர் முதன்முதலாக எழுதும்போது, அதை ஐந்து முறையாவது அடித்துத் திருத்தியிருப்பார். அதற்கு ஒரு பதிலும் வராமல், அடுத்த நிமிடமே வேறொருவருடைய காலைவணக்கப் படம் வந்து அதை மேலே தள்ளிவிட்டால் அவர் திரும்ப எழுதமாட்டார். இணையக் குழுக்களுக்குப் புதிதாக வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து எலிசபெத் ஜாய்ஸும் ராபர்ட் க்ராட்டும் 2006-இல் எழுதியதும் இதையே காட்டுகிறது: முதல் செய்திக்குப் பதில் கிடைத்தவர்கள் மீண்டும் எழுதுவது கூடுதலாக இருந்தது, அப்பதில் கேள்வியைத் தீர்த்ததா, இனிமையாக இருந்ததா என்பதெல்லாம் அதில் வேறுபாட்டை உண்டாக்கவில்லை. பதில் வந்தது என்பதே போதுமாக இருந்திருக்கிறது.

ஆகவே எங்கள் நிர்வாகிகள் மூவரும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். புதிய பெயர் கண்ணில் பட்டால், அன்றைக்குள் யாராவது ஒருவர் பதில் எழுதிவிடவேண்டும். விடை தெரியாவிட்டால், தெரிந்தவர் பெயரைக் குறிப்பிட்டு அழைக்கவேண்டும். “இது ஏற்கெனவே பேசியாச்சு, மேலே போய்ப் பாருங்க” என்பதை மட்டும் யாரும் எழுதக் கூடாது. வாட்ஸ்அப்பில் மேலே போய்ப் பார்ப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான். பழைய பதிலை எடுத்து மீண்டும் ஒட்டிவிட்டால் அரை நிமிட வேலை.

அதிகம் பேசுபவரை என்ன செய்வது

அவரை விரட்டிவிடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்தான் குழுவை உயிரோடு வைத்திருக்கிறார். ஆனால் கேள்வி வந்த இரண்டாம் நிமிடத்தில் அவர் முழு விடையையும் எழுதிவிட்டால், யோசித்து எழுதுபவருக்கு அங்கே வேலை இல்லாமற்போகிறது. அவரிடம் தொலைபேசியில் பேசுங்கள், எழுத்தில் சொன்னால் கடுமையாகத் தொனிக்கும். எங்கள் குழுவின் மிகப் பெரிய பதிலாளியிடம் நான் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான்: “சார், புதுசா ஒரு கேள்வி வந்தா ராத்திரி எட்டு மணி வரைக்கும் பொறுத்துப் பாருங்க. அதுவரைக்கும் யாரும் சரியாச் சொல்லலைன்னா நீங்க சொல்லுங்க.” அவர் மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டதோடு, ஒவ்வொரு மாதமும் வந்த நல்ல பதில்களைத் தொகுத்து ஒரே செய்தியாக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டார். பேச்சில் இருந்த ஆர்வம் தொகுப்பில் போய்ச் சேர்ந்தது.

உழைப்பவரைப் பாராட்டவும் தயங்கவேண்டாம். விக்கிப்பீடியாவின் மிகச் சுறுசுறுப்பான தொகுப்பாளர்களுள் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த சிலருக்கு, பாராட்டின் அடையாளமாகப் பயனர்கள் ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்ளும் நட்சத்திரத்தை வழங்கி 2012-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நட்சத்திரம் பெற்றவர்களின் பங்களிப்பு பெறாதவர்களுடையதைவிட 60 விழுக்காடு கூடியது. நல்ல பயன்தான், ஆனால் முன்னால் நிற்பவரையே மேலும் முன்னால் தள்ளும் பயன் என்பதையும் கவனிக்கவேண்டும். எனவே எங்கள் மாதப் பாராட்டு அதிகம் எழுதியவருக்குப் போவதில்லை. யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னவருக்குப் போகிறது.

நிர்வாகியே அதிகம் பேசுபவராக இருந்தால்? என் கதை அதுதான். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே நன்றி, அருமை என்று நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தியதும் என் எண்ணிக்கை பாதியாயிற்று. அதற்கெல்லாம் இப்போது எதிர்வினைக் குறி இருக்கிறது.

கருவிகளைப் பற்றிச் சில சொற்கள்

வாட்ஸ்அப்பில் 2022-இல் வந்த எதிர்வினைக் குறிகளும் வாக்கெடுப்பும் எழுத விரும்பாதவர்களுக்கு உண்மையிலேயே உதவுகின்றன. விதைப் பரிமாற்றத்துக்கு எந்த நாள் வசதி என்று வாக்கெடுப்பு வைத்தபோது, ஒரு சொல்லும் எழுதியிராத பலருடைய பெயர்களை முதன்முறையாகப் பார்த்தேன். டெலிகிராமில் ஒருவர் அடுத்தடுத்து எழுதுவதற்கு இடைவெளி விதிக்கும் வசதி உண்டு. சூடான விவாதத்தின்போது அது பயன்படும். நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்ற அமைப்பு 2018-இல் வந்ததிலிருந்து, தொல்லை தாங்காமல் அதைப் போட்டுவிட்ட குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அறிவிப்புப் பலகைக்கு அது சரி, உரையாடலுக்கு அது பூட்டு. காலைவணக்கப் படங்களுக்கும் வேறெங்கிருந்தோ வந்ததை அப்படியே அனுப்பிவைக்கும் செய்திகளுக்கும் தனிக் குழு ஒன்றைத் தொடங்கிக் கொடுத்துவிடுவது தடைசெய்வதைவிட எளிது. ரோஜாப் படம் அனுப்புபவருக்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா? ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காக நிரப்பவேண்டியதில்லை. கூட்டம் பெருகப் பெருக, புதியவரின் கூச்சமும் பெருகும்.

அச்சுறுத்தல் எதையும் தீர்க்காது. நான் உறுப்பினராக இருந்த வேறொரு குழுவில், முப்பது நாள்களாக எழுதாதவர்கள் நீக்கப்படுவார்கள் என்று நிர்வாகி ஒருநாள் அறிவித்தார். அடுத்த ஒரு மணி நேரத்துக்குக் கைகூப்பும் படங்களும் கட்டைவிரல்களும் வரிசையாக வந்தன. கேள்வியோ பதிலோ ஒன்றும் வரவில்லை. ஓசையில்லாமல் விலகியவர்களில் நானும் ஒருவன்.

மூன்று மாதம் கழித்து மீண்டும் எண்ணுங்கள்

மொத்தச் செய்திகளின் எண்ணிக்கையைப் பார்க்கவேண்டாம். அது குறைந்தாலும் நல்லதே. அம்மாதத்தில் எத்தனை வெவ்வேறு பெயர்கள் எழுதியிருக்கின்றன, பதிலே கிடைக்காத கேள்விகள் எத்தனை, முதன்முறையாக எழுதியவர்களுள் இரண்டாம் முறையும் எழுதியவர் எத்தனை பேர் என்று இம்மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றுள் கடைசிக் கணக்கையே நான் பெரிதும் நம்புகிறேன், ஏனென்றால் முதல் செய்தியை நாம் தூண்டி எழுதவைத்துவிட முடியும், இரண்டாவதை அவராகத்தான் எழுதவேண்டும். சுரைக்கொடி அம்மாவின் இரண்டாவது ஒலிப்பதிவு ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து, யாரும் கேட்காமலேயே வந்தது: கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தவேண்டும் என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டு, தம்மிடம் கொஞ்சம் விதை மிச்சம் இருக்கிறது, வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று முடித்திருந்தார்.